பாதாளக் கரண்டி

ஆய்க்குடியில் எங்கள் ஆச்சி வீட்டுப் பரணில் ஒரு பாதாளக் கரண்டி இருக்கிறது. பட்டணத்து வாசகிகளில் இளவயதுக்காரர்கள் இந்தச் சாமானைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓர் இரும்பு வளையம். அதைச் சுற்றிலும் கொக்கி கொக்கியாகத் தொங்கும். கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் இதைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். ஏதாவது ஒரு கொக்கியில் வாளியின் கைப்பிடி மாட்டிக் கொள்ளும். தெருவுக்கே ஒன்றுதான் என்பதால் அதற்கு ஏகப்பட்ட மவுசு. இரவல் கேட்டு வருகிறவர்கள் ஒரு செம்பையோ தாம்பாளத்தையோ ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போகலாம் என்பது ஆச்சியின் சட்டம். பாங்கிக்காரர்கள்கூட அவ்வளவு கண்டிப்பு இல்லை!

சமீபத்தில் கொச்சியில், ஓர் உல்லாசப் படகின் மூக்கில் நங்கூரம் தொங்குவதைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கரண்டிதான். சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்க்குடியில் பிறந்தவருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் ஓடுவது அனுமன் நதி. அதில் படகு விட இடமில்லை. முருகன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு ஆற்றுப் படியில் பாயசம் ஊற்றுவார்கள். குழந்தைகள் உட்கார்ந்து வழித்துக் குடிப்பார்கள். சித்தப்பாவும் அப்படிக் குடித்து வளர்ந்தவர்தான். ஆனால் ஆய்க்குடிக்காரர்களுக்குக் கடல் ஆசை வருவது புதிதல்ல. எங்கள் ஊர் எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனார். அவரே 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, எத்தனையோ மாற்றுத் திறனாளிகளுக்கு வாழ்வு தந்தார். 2020-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. அந்தக் கதையைக் கேட்டு எங்கள் தெருவில் பல தாய்மார்கள் பிள்ளைகளிடம், "கடல் கிடல்னு வாயெடுத்தே..." என்று அதட்டியதுண்டு. ஆச்சியும் அதட்டினாள். சித்தப்பா கேட்கவில்லை. தூத்துக்குடித் தோணியில் ஆரம்பித்து, கப்பல், அப்புறம் துறைமுக வேலை என்று அலைந்து, அறுபது வயதுக்குமேல் ஒரு வியாபாரியின் மோட்டார் படகைக் கவனித்துக் கொள்ளும் உத்தியோகத்தில் ஒதுங்கினார்.

படகு நிற்பது போல்காட்டித் தீவில், 2010-இல் திறந்த மரீனாவில். மரீனா என்றதும் சுண்டல் வாசனை வருகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. இங்கே மரீனா என்றால் படகுகளை வரிசையாகக் கட்டி வைக்கும் துறை. சுண்டல் கிடையாது.

நான் போன சமயம் சித்தப்பா படகின் மூக்கில் மண்டியிட்டு ஏதோ திருகிக் கொண்டிருந்தார். புதிதாக 'விண்ட்லாஸ்' வைக்கிறாராம். வாயில் நுழையாத பெயராக இருந்தாலும் சாமான் நமக்குத் தெரிந்ததுதான். நம் கிணற்று ராட்டினத்துக்கு உடன்பிறப்பு. நங்கூரத்தையும் அதன் சங்கிலியையும் தூக்குகிற ராட்டினம். பழையது கையால் இயக்குவது. நீளமான ஒரு கைப்பிடியைச் செருகி முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் சங்கிலி ஒரு சாண் ஏறும். புதியது மின்சாரத்தில் ஓடுவது. காலால் பொத்தானை மிதித்தால் போதும்.

"எத்தனை கனம் சித்தப்பா?" என்று கேட்டேன்.

கணக்குச் சொன்னார். சங்கிலி 10 மில்லிமீட்டர் பருமன். ஒரு மீட்டர் இரண்டேகால் கிலோ. நங்கூரம் 20 கிலோ. தண்ணீர் 5 மீட்டர் ஆழம், படகின் மூக்கு தண்ணீருக்கு மேலே 1 மீட்டர், ஆக 6. அதைப் போல் 5 மடங்கு, அதாவது 30 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று பலமாக இருந்தால் 7 மடங்கு.

6 மீட்டர் ஆழத்துக்கு எதற்கு 30 மீட்டர் சங்கிலி? எனக்குப் புரியவில்லை. கிணற்றுக்கு யாராவது ஐந்து மடங்கு கயிறு வாங்குவார்களா?

"நங்கூரம் கனத்தால படகைப் பிடிக்கிறதில்லை தாயீ. கொழு மாதிரி சேத்துல குத்திப் பிடிக்குது. சங்கிலி தரையோட படுத்துக் கிடந்து பக்கவாட்டுல இழுத்தாத்தான் அது இன்னும் இறங்கும். சங்கிலி குட்டையா இருந்தா மேலே பார்த்து இழுக்கும், பெயர்ந்துடும். பெயர்க்கணும்னா நாமே அதுக்கு நேர் மேலே போய் நின்னுக்கிட்டுத் தூக்குறோம்."

ஆகவே விண்ட்லாஸ் தூக்குவது 30 மீட்டர் கனத்தையல்ல. படகு நங்கூரத்துக்கு நேர் மேலே வந்த பிறகு தொங்குவது 6 மீட்டர் சங்கிலியும் நங்கூரமும்தான். கிட்டத்தட்ட 34 கிலோ. அதுவரை படகை முன்னே கொண்டு போவது எஞ்சினின் வேலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ராட்டினத்தை வைத்தே படகை இழுக்கப் பார்ப்பவர்கள்தான் மோட்டாரைப் புகைய வைக்கிறார்களாம். நங்கூரம் போட்டு நிற்கும்போதும் ராட்டினத்தின் மேல் பாரம் விழக்கூடாது. சங்கிலியில் ஒரு கொக்கியை மாட்டி, அதிலிருந்து நல்ல நைலான் கயிற்றைப் படகின் கட்டையில் கட்டிவிட வேண்டும். அலை உதைக்கும்போது கயிறு கொஞ்சம் நீண்டு கொடுக்கும். சங்கிலி அப்படிக் கொடுக்காது.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் வலது கையை மட்டுமே ஆட்டி ஆட்டிப் பேசினார். இடது கையில் ஒரு துண்டு சுற்றியிருந்தது. எண்ணெய் துடைக்கிற துணி என்று நினைத்தேன். காப்பி வந்தது. தம்ளரை வாங்க இரண்டு கையும் நீண்டன. துண்டு விழுந்தது. நடுவிரலில் நுனிக் கணு இல்லை.

எனக்குக் காப்பி இறங்கவில்லை.

"ஆச்சிக்குத் தெரியுமா?"

"கார்க் கதவுல நசுங்கிட்டுதுன்னு போன்ல சொல்லியிருக்கேன். நீ உளறிடாதே."

நடந்தது இதுதான். பழைய ராட்டினத்தின் சக்கரத்தில் சங்கிலிக் கண்ணிகள் உட்காருவதற்குக் குழிகள் உண்டு. அவை தேய்ந்து போயிருந்தன. கண்ணி குதித்து வழுக்கும். முதலாளியிடம் சொன்னதற்கு, "அடுத்த சீசனில் பார்க்கலாம்" என்றாராம். ஒரு நாள் மழைக்காற்று திடீரென்று கிளம்பியது. நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓட வேண்டும். சித்தப்பா வலது கையால் கைப்பிடியை ஆட்டிக்கொண்டே, கண்ணி குதிக்காமலிருக்க இடது கையால் சங்கிலியைச் சக்கரத்தின் மேல் அழுத்தினார். அலையில் படகு பின்னுக்கு உதைத்தது. சங்கிலி ஒரு முழம் திரும்ப ஓடியது. விரல் உள்ளே இருந்தது.

அந்த விரலைக் கொடுத்த பிறகுதான் புது ராட்டினம் வாங்கப் பணம் வந்தது. நான் முதலாளியைப் பற்றி ஏதோ கடுமையாகச் சொன்னேன். சித்தப்பா பதில் சொல்லாமல் மறுபடி திருகுளியை எடுத்துக் கொண்டார்.

புதிதை வைப்பதும் லேசான காரியமல்ல. முதலில் வந்த சக்கரம் அங்குல அளவுச் சங்கிலிக்குச் செய்தது. முக்கால் அரைக்கால் கணக்கில் நமக்கென்ன தெரியும்? அங்குலத்தில் எட்டில் மூன்று என்றால் 9.5 மில்லிமீட்டர். 10-க்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கண்ணியின் நீளம் மாறும். சுற்றினால் பழையபடி குதிக்கும். சித்தப்பா அதைத் திருப்பி அனுப்பி, சங்கிலியில் ஒரு துண்டையே வெட்டிக் கடைக்கு அனுப்பி, பொருந்துகிற சக்கரத்தை வரவழைத்தார். வளையலுக்கு அளவு கொடுக்கப் பழைய வளையலையே அனுப்புகிறோமே, அந்த மாதிரி.

பிறகு மின்சாரக் கம்பி. கட்டைவிரல் பருமனில் இரண்டு கம்பிகள் படகின் நீளத்துக்கு ஓடின. நம் வீட்டு மிக்சி 750 வாட். 230 வோல்ட்டில் ஓடுவதால் 3 ஆம்பியருக்குச் சற்று மேலே எடுத்துக் கொள்கிறது. இந்த விண்ட்லாஸ் 1000 வாட்தான். ஆனால் பாட்டரி 12 வோல்ட் ஆயிற்றே! 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கம்பி போட்டால் வழியிலேயே மின்சாரம் சூடாக வீணாகி, மூக்குக்குப் போய்ச் சேரும்போது மோட்டார் முனகும். அதனால்தான் இதை ஓட்டும்போது எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். யாராவது குழந்தை பொத்தானை மிதித்துவிட்டால்?

ராட்டினத்துக்குக் கீழே சங்கிலி விழுகிற அறையைத் திறந்து காட்டினார். படியால் அரிசி கொட்டினால் எப்படிக் கூம்பாகக் குவியுமோ அப்படிச் சங்கிலியும் குவிகிறது. குவியல் உயர்ந்து ராட்டினத்தைத் தொட்டுவிட்டால் மேலே சிக்கும். ஆகவே அறையைத் தாழ்த்தியிருந்தார். பத்து மீட்டருக்கு ஒரு கோடு, இருபதுக்கு இரண்டு என்று சிவப்புச் சாயம் அடித்திருந்தார். எல்லாவற்றிலும் என் மனசில் நின்றது சங்கிலியின் கடைசி நுனிதான். அது படகோடு சங்கிலியாகக் கட்டப்படவில்லை. சாதாரணக் கயிற்றால் கட்டியிருந்தது.

"ஆபத்துன்னா நங்கூரத்தை விட்டுட்டுத் தப்பணும் தாயீ. இரும்பை அறுக்க முடியாது. கயித்தை ஒரு கத்தியால அறுத்துடலாம்."

சோதனைக்கு என்னையே மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். கடகடவென்று சங்கிலி ஏறியது. கூடவே காயல் சேற்றின் வாசனையும். கண்ணிகள் ஒவ்வொன்றும் குழியில் போய் உட்கார்ந்தன. யாரும் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா குழாயைப் பிடித்து நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே நின்றார்.

கந்த சஷ்டிக்கு அவர் ஊருக்கு வந்தார். செங்கோட்டை மலைப்பாதை ரயில் 2018-இல் அகலப் பாதையான பிறகு கொச்சிக்கும் தென்காசிக்கும் ஓர் இரவுப் பயணம்தான். நானும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். ஆச்சிக்கு எண்பத்து நாலு வயது. இன்னமும் கிணற்றில் இறைத்துத்தான் குளிப்பாள். மோட்டார் போட சித்தப்பா மூன்று முறை பணம் அனுப்பி, மூன்று முறையும் அது தபால் ஆபீஸ் சேமிப்பில் போய்ச் சேர்ந்தது.

பந்தியில் இலை போட்டதும் ஆச்சி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏல, அந்தக் கையைக் காட்டு."

காட்டினார்.

"கார்க் கதவோ?"

சித்தப்பா பேசவில்லை. ஆச்சி தன் வலது கையை நீட்டினாள். அவளுடைய சுண்டுவிரல் கோணலாக இருக்கும். பிறவியிலேயே அப்படி என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"கல்யாணமாகி வந்த மூணாம் மாசம். ராட்டினத்துல கயிறு நழுவிச்சு, பிடிக்கப் போனேன். வாசக் கதவுன்னு உங்க பாட்டாகிட்டே சொன்னேன். மருமக கைக்கு வேலை தெரியலைன்னு பேர் வந்துடப்படாதுல்லா."

சாம்பார் ஆறிக் கொண்டிருந்தது. யாரும் ஊற்றவில்லை.

"இப்பம் அங்கே மோட்டார் வச்சாச்சோ?"

"வச்சாச்சும்மா."

"ஏட்டி," என்று என் பக்கம் திரும்பினாள், "சரிதானா?"

"நானே ஓட்டினேன் ஆச்சி. கையே வைக்க வேண்டாம்."

"அப்பம் இங்கேயும் ஆளைக் கூட்டியா. சுவிச்சு என் கைக்கு எட்டணும். ராட்டினத்தை மட்டும் கழட்டப்படாது. கரண்டு போனா என்ன செய்ய?"

சித்தப்பா அன்றுதான் சிரித்தார். புது விண்ட்லாஸிலும் கையால் சுற்ற ஒரு கைப்பிடி இருக்கிறதாம். அதை ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறாராம்.

மறுநாள் காலை மோட்டார்க்காரர் வந்தார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் கிணற்றுச் சுவரின்மேல் கருவிப் பையை வைத்துவிட்டுக் குனிந்தார். 'தொபுக்'கென்று சத்தம் கேட்டது. சித்தப்பா பரணில் ஏறிப் பாதாளக் கரண்டியை இறக்கினார். மோட்டார்க்காரர் கையை நீட்டினார்.

ஆச்சி கரண்டியைத் தன் பின்னால் வைத்துக் கொண்டு, "ஈடு எங்கே?" என்றாள்.

அவர் எங்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றித் துவைகல்லின் மேல் வைத்தார்.