ஏற்காடு இல்லாத சேலம்

"சேலம் போறேம்மா" என்று போனில் சொன்னதும், தூத்துக்குடியிலிருந்து அம்மா கேட்ட முதல் கேள்வி: "அப்படியே ஏற்காடும் போவியாடா?"

"அம்மா, இது அமெரிக்கா சேலம். மாசசூசெட்ஸ் மாநிலம், பாஸ்டன் பக்கத்துல. சூனியக்காரிகளுக்குப் பேர் போன ஊர்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "அத்தானுக்குத் தெரியுமா?"

அதானே பிரச்னை!

நாங்கள் ஆர்.சி. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் பெந்தெகொஸ்தே. அத்தான் தங்கமான மனுஷர். கம்ப்யூட்டர் வேலை, காலை மாலை ஜெபம், கோபம் வந்தால்கூட 'ஸ்தோத்திரம்' என்றுதான் ஆரம்பிப்பார். 2024 அக்டோபரில் மூன்று வாரம் அவர் வீட்டில் டேரா போட்டேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காலண்டரில் 31-ம் தேதி நெருங்கும் வரை.

அக்டோபர் 31 அமெரிக்காவில் ஹாலோவீன். பிள்ளைகள் பேய், பிசாசு, எலும்புக்கூடு என்று வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று குரல் கொடுக்கும். கதவு திறந்து சாக்லேட் கொடுக்க வேண்டும். எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் 'வாங்க' என்று அர்த்தம். அணைந்திருந்தால் 'போயிட்டு வாங்க'.

அத்தான் வீட்டில் வருஷா வருஷம் விளக்கு அணைந்துவிடும். எட்டு மணிக்குச் சபையில் ஜெபக்கூட்டம். அதுவரை குடும்பமே இருட்டில் உட்கார்ந்திருக்கும். கை நிறைய காசு கொடுத்துக் கரண்ட் வாங்கி, தனக்குத்தானே மின்வெட்டு!

அந்த வருஷம் அக்கா மகனுக்கு எட்டு வயசு. சமையலறையில் அலுமினியம் ஃபாயில் சுருள் சுருளாக மாயமானது. ஒருநாள் அவன் அறைக்குள் எட்டிப் பார்த்தால், அட்டைப் பெட்டி மேல் ஃபாயிலைச் சுற்றி விண்வெளி வீரர் டிரஸ் தயார்! என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான்: "மாமா, நீங்களும் கிறிஸ்டியன்தானே? நீங்க சொல்லுங்க. நான் போலாமா, கூடாதா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று நழுவினேன். ஆனால் அந்த 'நாளை'க்குள் பதில் வேண்டுமே! ஹாலோவீனுக்கே தலைநகரம் மாதிரி ஓர் ஊர் அரை மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும்போது, அங்கேயே போய் விசாரித்தால் என்ன? 30-ம் தேதி காலையில் பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிட்டேன்.

நான் பி.காம். எந்த விவகாரத்தையும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால்தான் நிம்மதி. ரயிலிலேயே நோட்டைப் பிரித்தேன்.

வரவு: பெயரே கிறிஸ்தவப் பெயர். 'ஹாலோ' என்றால் புனிதர். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், அதற்கு முந்தின மாலை ஹாலோவீன். எட்டாம் நூற்றாண்டில் போப் மூன்றாம் கிரகோரி எல்லாப் புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அர்ப்பணித்தார். 835-ல் நான்காம் கிரகோரி காலத்தில் நவம்பர் 1 இன்னும் பல நாடுகளுக்குப் பரவியது. மறுநாள் 2-ம் தேதி, நம் ஊரில் மெழுகுவத்தியும் பூவுமாகப் போகிறோமே, அந்தக் கல்லறைத் திருநாள். ஆக, அது நம்ம வீட்டுத் திண்ணைதான்.

பற்று: அயர்லாந்துப் பக்கத்துப் பழைய கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும்போது கொண்டாடிய 'சௌவின்' பண்டிகையின் மிச்சம்தான் இது என்பது எதிர்க்கட்சி வாதம். அந்த ராத்திரி செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பிக்கை. போதாததற்கு, 1517-ல் மார்ட்டின் லூதர் விட்டன்பர்க்கில் 95 வாதங்களை வெளியிட்டதும் இதே அக்டோபர் 31. அதனால் புராட்டஸ்டன்ட்காரர்களுக்குக் கொண்டாட வேறு காரணம் இருக்கிறது. 'பேயை விடு, லூதரைப் பிடி' என்பார்கள்.

இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தேன். டாலி ஆகவில்லை. அதற்குள் சேலம் வந்துவிட்டது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் திருவிழாக் கூட்டம். சுமார் 44 ஆயிரம் பேர் வசிக்கிற ஊருக்கு அக்டோபரில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். எங்கே திரும்பினாலும் கூரான கறுப்புத் தொப்பி. போலீஸ் ஜீப்பைப் பார்த்தால் அதன் சின்னத்திலும் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி! வீட்டு வாசல்களில் கண், மூக்கு, பல் செதுக்கிய மஞ்சள் பூசணிக்காய். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துகொண்டிருந்தவர்கள், இங்கே குடியேறியதும் பூசணிக்கு மாறிவிட்டார்களாம். நம் ஊரில் புதுக் கட்டடத்தில் திருஷ்டிப் பூசணி தொங்குமே, அதற்குத் தூரத்து உறவு மாதிரி இருந்தது.

சூனியக்காரி மியூசியம் இருக்கும் கட்டடம் முன்னாளில் ஒரு தேவாலயம். எதிரே நீளமான அங்கியும் பெரிய தொப்பியுமாக ஒரு சிலை. 'சூனியக்காரர்' என்று நினைத்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் கீழே படித்தேன். அவர் ரோஜர் கோனன்ட். 1626-ல் இந்த ஊரில் முதலில் குடியேறியவர்களின் தலைவர். பாவம், ஊரை உண்டாக்கிய புண்ணியத்துக்குப் பேயாகிவிட்டார்.

தெருமுனையில் ஒரு பிரசங்கியார். கையில் மெகாபோன், தோளில் 'மனந்திரும்பு' பலகை. காலையிலிருந்து கத்தியதில் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. சிவப்புக் கொம்பும் வாலுமாகச் சாத்தான் வேஷம் போட்ட ஒரு வாலிபன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனான். 'சரி, கைகலப்புதான்' என்று நான் ஒதுங்கினேன். அவன் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். பிரசங்கியார் வாங்கிக் குடித்தார். "காட் பிளஸ் யூ" என்றார். "தேங்க் யூ சார்" என்றது சாத்தான்.

சிரித்துக்கொண்டே பழைய கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பினேன். அங்கேதான் சிரிப்பு நின்றது.

மதிலை ஒட்டி இருபது கல் பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு தேதி, செத்த விதம். 1692-ல் இந்தப் பக்கத்தில் சில சிறுமிகளுக்கு வலிப்பு மாதிரி வந்தது. தொடக்கம் பாதிரியார் வீட்டிலேயே. 'யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள்' என்று பேச்சு கிளம்பியது. 'இன்னாருடைய உருவம் ஆவியாக வந்து என்னைக் கிள்ளியது' என்று சொன்னால் அதையும் கோர்ட்டில் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். வாய் திறக்க மறுத்த ஒரு முதியவரைக் கற்களால் அழுத்தியே கொன்றார்கள்.

அதில் ரெபேக்கா நர்ஸ், 71 வயது, சபைக்குத் தவறாமல் போனவர். ஜூரிகள் முதலில் 'குற்றமில்லை' என்றார்கள். பிறகு மாற்றிச் சொல்லவைத்தார்கள். ஜார்ஜ் பரோஸ் ஒரு போதகர்! சூனியக்காரனால் பரலோக ஜெபத்தைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. தூக்குமரத்தில் நின்று அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். கூட்டம் கலங்கியது. ஆனாலும் தூக்கில் போட்டார்கள்.

இத்தனையும் செய்தது யார்? குடிகாரர்களா, கொள்ளைக்காரர்களா? இல்லை. வேதத்தைக் கரைத்துக் குடித்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். புனிதர் திருநாள் எதையும் கொண்டாடாதவர்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-லிருந்து 1681 வரை சட்டம் போட்டு வைத்திருந்தவர்கள். அதாவது 1692 சேலத்தில் ஹாலோவீன் கிடையாது. முகமூடி கிடையாது. பூசணிக்காய் கிடையாது. ஆனாலும் பக்கத்து வீட்டுக் கிழவி முகத்தில் அவர்களுக்குப் பிசாசு தெரிந்தது.

அந்த நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல், 1697-ல் பாஸ்டன் ஆலயத்தில் சபை முன்னால் எழுந்து நின்று, தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதத்தைப் பாதிரியார் படிக்கக் கேட்டார். எழுந்து நிற்க மனசு வந்ததே!

'சேலம்' என்றால் என்ன தெரியுமோ? வேதாகமத்தில் மெல்கிசேதேக்கு ராஜா ஆண்ட சாலேம்தான். அர்த்தம், சமாதானம்.

மறுநாள் 31, வியாழக்கிழமை. அந்த வருஷம் அதே நாளில் தீபாவளியும் வந்து சேர்ந்துகொண்டது! அக்டோபர் கடைசி என்று நம்ப முடியாத வெயில். சாயங்காலம் ஐந்தரை மணி. விளக்கை அணைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம். அழைப்பு மணி. எதிர் வீட்டுக் கும்பகோணத்து மாமி, கையில் முறுக்கும் மைசூர்பாகும். "என்ன, உங்காத்துல மட்டும் கரண்ட் போயிடுத்தா?"

அத்தான் எழுந்து போய்ச் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, "ஹேப்பி தீபாவளி மாமி" என்றார். கதவு சாத்தியதும் இருட்டிலிருந்து ஒரு குரல்:

"அப்பா, தீபாவளி ஸ்வீட் வாங்கலாம், சாக்லேட் மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது?"

அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, எங்க ஆச்சி கல்யாணமாகி வந்த புதுசுல ஏதோ மயக்கம் போட்டு விழுந்திருக்கா. பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லி, பேயோட்டுறவன் சவுக்கால அடிச்சான். முதுகுத் தழும்பை நான் சின்னப் பிள்ளையில தொட்டுப் பாத்திருக்கேன். இயேசுகிட்ட வந்ததுல உனக்கு என்ன கிடைச்சுது ஆச்சின்னு கேட்டா, 'பயம் போச்சுலே'ம்பா. இவங்களுக்குப் பேய்ங்கிறது வேஷம். எனக்கு அது சிரிப்பு இல்லே."

பெந்தெகொஸ்தே பிடிவாதம் என்று நான் நினைத்திருந்தது, ஒரு கிழவியின் முதுகுத் தழும்பு. நோட்டில் பற்றுப் பக்கம் எழுதாமல் விட்ட மிகப் பெரிய தொகை அதுதான்.

சேலத்தில் பார்த்த இருபது பெஞ்சையும் சொன்னேன். பரலோக ஜெபம் சொல்லிக்கொண்டே செத்த போதகரையும் சொன்னேன். "அத்தான், உங்க ஆச்சியை அடிச்சது பேய் வேஷம் போட்டவன் இல்லே. அவகிட்ட பேயைப் பார்த்தவன். நாம கதவைச் சாத்தினா, வெளியில நிக்கிற பிள்ளைங்ககிட்ட நாம எதைப் பார்க்கிறோம்?"

பதில் இல்லை. ஜெபிக்கிறாரா, கோபமா, இருட்டில் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து எழுந்தார். ஸ்விட்சைப் போட்டார். வாசல் விளக்கு எரிந்தது.

"பேய் வேஷம் நம்ம வீட்ல எப்பவும் கிடையாது. அதுல மாத்தமில்லே. ஆனா வர்ற பிள்ளை வெறுங்கையோட போகக்கூடாது" என்றவர், திடீரென்று, "அய்யோ, வீட்ல சாக்லேட் ஏது?" என்றார்.

அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அரிசி டின்னுக்குள்ளிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து வந்தாள். எத்தனை வருஷமாக ஒளித்து வைக்கிறாளோ!

முதலில் வந்தது ஓர் எலும்புக்கூடு. அத்தான் குனிந்து, "உன் பேர் என்னப்பா?" என்று இங்கிலீஷில் கேட்டார். முகமூடியைத் தூக்கியது. தினமும் மருமகனோடு ஸ்கூல் பஸ்ஸில் போகிற பையன்! இரண்டு சாக்லேட்டும் ஒரு முறுக்கும் கிடைத்தது அவனுக்கு. விண்வெளி வீரர் படியில் நின்று விநியோகம் செய்தார். அந்த வருஷம் அவருக்கு அனுமதி வாசற்படி வரைதான். ஆனால் முகத்தில் நிலாவுக்கே போய்வந்த களை.

எட்டு மணிக்கு எல்லோரும் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பினோம். அத்தான் காரை எடுக்கும்போது நான் ஞாபகமாகச் சொன்னேன்: "அத்தான், வாசல் லைட் எரியுது."

"எரியட்டும்" என்றார்.

நவம்பர் 2 அன்று அம்மா போன் செய்தாள். அப்பா கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "சேலம் போனியே, மாம்பழம் கிடைச்சுதா?"

"இல்லேம்மா. பூசணிக்காய்தான்."