சின்னதா ஒண்ணு போதும்

ஹூஸ்டன் வெயிலுக்குப் பருத்திச் சட்டையே பாரம். வருஷத்தில் பாதி நாள் கோட்டும் ஜாக்கெட்டும் அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை. இந்த ஊரில் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு அது வெளியே தெரியாமலும் இருக்க வேண்டும் என்றால், அது சின்னதாகத்தான் இருந்தாக வேண்டும். அதற்கென்றே ஒரு ரகம் இங்கே அமோகமாக விற்கிறது. 2008இல் ரூகர் கம்பெனி கொண்டுவந்த எல்.சி.பி.யின் எடை கிட்டத்தட்ட 270 கிராம்தான். பேன்ட் பையில் போட்டால் தெரியாது. 2018இல் வந்த சிக் சாவர் பி365 சுமார் அரைக் கிலோ. உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது, ஆனால் அதன் மேகசினில் பத்துத் தோட்டா.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, வேறு சட்டத் தடையும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மது விற்பனையில்தான் பாதிக்கு மேல் வருமானம் என்கிற கடைகளின் வாசலில் சிவப்பில் 51% என்று பெரிதாக எழுதியிருக்கும். அங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது. என்னைப்போல் வேலை விசாவில் இருப்பவர்களுக்கோ, வேட்டை உரிமம் மாதிரியான ஒருசில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே அனுமதி கிடையாது. அதனால் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை நடத்தும் கோவில்பட்டி அக்கா துப்பாக்கிக் கடைக்குத் துணைக்குக் கூப்பிட்டபோது, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அவர் எப்போதோ குடியுரிமை வாங்கிவிட்டார். ராத்திரி பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டி, கல்லாப் பணத்தோடு இருட்டில் காருக்கு நடக்கிறவர்.

“சின்னதா ஒண்ணு போதும் தம்பி. ஹேண்ட்பேக்ல போட்டுக்கலாம்” என்றார்.

கடைக்காரப் பெரியவர் மூன்றை எடுத்து வைத்தார்: மேலே சொன்ன இரண்டு, கூடவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஐந்து குண்டு ரிவால்வர். விலையைச் சொல்வதற்கு முன்னால், “எங்கே வைத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்டார். ஹேண்ட்பேக் என்றதும் வேண்டாம் என்று தலையாட்டினார். சாவிக்கொத்தோ பேனாவோ விசையில் சிக்கலாம். பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் சேர்ந்தே போகும். விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறையில், உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும் என்றார்.

அடுத்த கதவுக்குப் பின்னால் சுடும் பயிற்சிக்கூடம். மூன்றையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். காகித உருவத்தை 21 அடியில் தொங்கவிட்டார்கள். எல்.சி.பி.யின் பிடியில் அக்காவின் இரண்டு விரல்தான் நின்றது. சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கியது. முதல் வெடிக்கே துப்பாக்கியின் மூக்கு மேலே எகிறியது. இரண்டாவது குண்டு காகிதத்தின் ஓரத்தைக் கிழித்தது. மூன்றாவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டார். ரிவால்வரில் மேல்பாகத்தை இழுத்துவிடும் வேலை இல்லை, ஆனால் விசை கனம். அதை இழுத்து முடிப்பதற்குள் மணிக்கட்டே திரும்பிவிட்டது. மூன்றில் கனமான பி365தான் சொன்னபடி கேட்டது.

காரணம் எளிது. துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை முழுவதையும் கைதான் வாங்க வேண்டும். குழல் குட்டையானால் குறிபார்க்கும் முன்முனையும் பின்முனையும் நெருங்கிவிடுகின்றன. கை இம்மி அசைந்தாலும் குறி தப்பும். இடுப்பில் வைக்க எதெல்லாம் சௌகரியமோ, அதெல்லாம் கைக்கு அசௌகரியம்.

இன்னொரு கணக்கும் உண்டு. சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது: கத்தியோடு ஓடிவருகிறவன் 21 அடியைக் கடக்கச் சுமார் ஒன்றரை வினாடி போதும். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்பிலிருந்து உருவிச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். அக்காவோ சட்டையை முதலில் தூக்க வேண்டும். ஆள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தபின் சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் குட்டித் துப்பாக்கியை வாங்குகிறார்கள். அந்தத் தூரத்தில்தான் அதை எடுக்கவே நேரம் இருப்பதில்லை.

திரும்பும் வழியில் இதைச் சொன்னேன். அக்கா அடுத்த வாரமே கடை நேரத்தை ஒன்பதரையாக்கினார். பணம் அன்றன்றைக்கு உள்ளே பதித்த பெட்டகத்துக்குப் போகிறது. கார் வாசல் விளக்குக்கு அடியிலேயே நிற்கிறது. கடைப்பையன் கூட வந்து ஏற்றிவிடுகிறான். இத்தனைக்கும் பிறகு பி365ஐயும் வாங்கினார். அவர் பயம் அவருக்கு. நான் குறை சொல்ல முடியாது. பதினைந்து வயதுப் பையன் இருக்கும் வீடு, பூட்டும் பெட்டி இல்லாமல் வாங்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். பதினேழு வயது நிரம்பாத பிள்ளையின் கைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை வைத்து, அது பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் இங்கே பெரியவர்மீதே வழக்குப் பாயும்.

துப்பாக்கியோடு உறை, பயிற்சித் தோட்டா, விரல்ரேகைப் பெட்டி எல்லாம் சேர்ந்து பில் நீண்டது. பெட்டியைச் சும்மா தரக் கூடாதா என்று அக்கா கோவில்பட்டிச் சந்தையில் நிற்பதுபோல் பேரம் பேசினார். பெரியவர் சிரித்துக்கொண்டே ஒரு கம்பிப் பூட்டை எடுத்து வைத்தார். கைத்துப்பாக்கி விற்கும் கடை ஒரு பூட்டையாவது சேர்த்துத் தர வேண்டும் என்று 2005இலேயே சட்டம் வந்துவிட்டதாம். அக்கா அதையும் வாங்கிக்கொண்டு, பெட்டிக்கும் முழுக் காசு கொடுத்தார்.