ஏறின கியரிலேயே இறங்குங்கள்

சென்னையில் கார் ஓட்டக் கற்றவர்களுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். 1973இல் திறந்த ஜெமினி மேம்பாலம் தொடங்கி கத்திப்பாரா வரை எத்தனை பாலம் இருந்தாலும், ஏறிய சூட்டோடு இறங்கிவிடுகிறோம். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் வருடக்கணக்காகக் கார் ஓட்டுபவர்கள். தீபாவளி நெரிசலில் பனகல் பார்க்கை ஒரு கீறல் விழாமல் சுற்றிவரத் தெரிந்தவர்கள். அவர்கள்கூட மலை என்றதும் தயங்குகிறார்கள். ரயிலில் போய் அங்கே டாக்ஸி எடுத்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால் சொந்தக் காரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, ரிசார்ட் வாசலில்தான் மூச்சு விடுகிறார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. நம் மலைகளில் பார்க்க வேண்டியதில் பாதி அந்தப் பாதையிலேயே இருக்கிறது. அதைத் தொல்லையாக நினைத்துக் கடந்துவிட்டு, மேலே போய் ஏரியில் படகு விடுவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

புதிதாக மலையேற நினைப்பவர்களை நான் முதலில் ஏலகிரிக்குத்தான் அனுப்புவேன். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர், வாணியம்பாடி என்று நேர்வழி. சுமார் 230 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் பதினாலே பதினாலு. பாரதியார், கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் பெயரும், பாரி, காரி, ஓரி என்று கடையெழு வள்ளல்கள் பெயரும் அந்த வளைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். பின்சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அடுத்து யார் வரப்போகிறார் என்று பந்தயம் கட்டியே மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். சாலை அகலமானது, கண்ணுக்கு எதிர்வண்டி தெரியும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பழகலாம். கை பழகியபின் ஓரியின் சொந்த மலைக்கே போகலாம்.

ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. வன்பரணர் பாடிய வல்வில் ஓரியை நமக்குத் தருவது புறநானூறு, அதை உ.வே.சா. 1894இல் பதிப்பித்தார். அந்த மலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு இருபது, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது என்று நினைத்துப் பார்த்தால் இது எப்பேர்ப்பட்ட பாதை என்று புரியும். ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது என்று பலகை உண்டு. ஊட்டி, கொடைக்கானலுக்கு இருக்கிற கூட்டம் இங்கே இல்லை. தமிழ்நாட்டில் எனக்குப் பிடித்த சாலை எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

மயிலாப்பூரிலிருந்து விடியுமுன் கிளம்பினால் மதுராந்தகம் பக்கம் காபி, அப்புறம் திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர். ஆத்தூர் தாண்டியதும் நிலம் மாறிவிடும். இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடுகள், ஜவ்வரிசி ஆலைகள். நாதஸ்வரத்தால் நாம் கேட்டுப் பழகிய நாமகிரிப்பேட்டை இந்த வழியில்தான் வருகிறது. எல்லாம் சேர்ந்து 350 கிலோமீட்டர் அளவுக்கு ஆகிவிடும். இவ்வளவு தூரம் ஓட்டிய களைப்போடு அன்றைக்கே மலையேறுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாமக்கல்லில் இரவு தங்குங்கள். அது லாரிக்குக் கூடு கட்டும் ஊர்; வண்டியே பிழைப்பாக இருப்பவர்கள் நடுவில் பிரேக்கையும் டயரையும் ஒருமுறை காட்டிவிடுவது எப்போதும் நல்லது. ஹைவேயில் ஓட்ட ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்பவர்கள், அவருக்கு மலை பழக்கமா என்பதைச் சென்னையிலேயே கேட்டுவிட வேண்டும். நாற்கர சாலையில் கெட்டிக்காரராக இருப்பவர் மலையிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கே மலை திடீரென்று எதிரில் எழுந்து நிற்கும். டீக்கடையில் வண்டியை நிறுத்தி, சாமான்கள் உருளாதபடி டிக்கியில் அடுக்கிவிட்டுத்தான் ஏறுவோம். எங்கள் அத்தைக்கு வளைவு என்றாலே குமட்டும். அவருக்கு முன்சீட்டு, வாயில் ஒதுக்கிக்கொள்ள இஞ்சி மரப்பா, வயிற்றுக்கு இரண்டே இட்லி. பார்வை தூரத்துச் சாலைமேல் இருக்க வேண்டும், மடியில் கைபேசி கூடாது. இதையெல்லாம் கடைப்பிடித்தால் அவர் சோளக்காடு வரை பேசிக்கொண்டே வருவார். காது அடைத்தால் எச்சிலை விழுங்கினால் போதும்.

ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்குங்கள். நிறைய ஆட்களோடு ஏறும் சின்ன காருக்கு இழுவை மிச்சம். அதைவிட முக்கியம், எதிரே வருகிற வண்டியின் ஹாரன் காதில் விழும். வளைவில் கண்ணுக்கு முன்னால் காதுதான் வண்டியைப் பார்க்கிறது. நாமும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒருமுறை ஹாரன் அடிக்க வேண்டும். நகரத்தில் நாம் அடிக்கும் ஹாரனில் 'நகரு' என்ற அதட்டல் இருக்கிறது. இங்கே அதற்கு 'நான் வருகிறேன்' என்ற ஒரே பொருள்தான்.

சென்னையில் ஊறிப்போன ஒரு பழக்கத்தை மட்டும் அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். கொஞ்சம் இடம் தெரிந்தால் மூக்கை நுழைப்பது. உஸ்மான் ரோட்டில் அப்படிச் செய்யாவிட்டால் நகரவே முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கொல்லிமலையில் நாமக்கல் பேருந்து ஒரு வளைவில் திரும்புவதை நிதானமாகப் பார்த்தால் ஏன் கூடாது என்பது விளங்கும். டிரைவர் வளைவின் வெளிவிளிம்பு வரை பேருந்தின் முகத்தைக் கொண்டுபோகிறார். முன்பக்கம் தடுப்புச் சுவரைத் தாண்டி வெற்றிடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கிறார். பின்சக்கரம் உள்விளிம்பை உரசிக்கொண்டு வருகிறது. அந்தச் சில நொடிகளுக்குச் சாலையின் முழு அகலமும் அந்தப் பேருந்துக்கு வேண்டும். நம் கார் அங்கே இருந்தால் அவரும் திரும்ப முடியாது, நாமும் நகர முடியாது, பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பின்னோக்கி எடுக்க வேண்டும். ஆகவே பேருந்து வருகிறது என்று தெரிந்தால் வளைவுக்கு நன்றாக முன்னாலேயே இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். அவர் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது வெறும் மரியாதை இல்லை. சாலை விதிகளிலேயே எழுதியிருக்கிறது. மேட்டில் நின்ற வண்டியைத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம் என்பது காரணம்.

ஓட்டுகிறவர் இயற்கைக் காட்சியைப் பார்க்கக் கூடாது. இதில் எந்தச் சலுகையும் இல்லை. பார்க்க ஆசை இருந்தால் நிறுத்த வேண்டும். அதுவும் வளைவில் அல்ல, இரண்டு பக்கமும் நீளமாகத் தெரிகிற, ஒதுங்க இடமுள்ள நேர்ச்சாலையில். நிறுத்திய பிறகு அவசரப்படாதீர்கள். கீழே நாம் வந்த சாலை மடிப்பு மடிப்பாகக் கிடக்கும், அதற்கப்பால் சமவெளி முழுவதும் விரிந்திருக்கும். மேலே ஏற ஏற மரங்களின் சாதியே மாறும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருக்கும், அடியில் காப்பிச் செடி. குரங்குகள் வந்து சூழ்ந்தால் பிஸ்கட் போடாதீர்கள். காரைக் கண்டால் சாலைக்கு ஓடிவரும் பழக்கம் அப்படித்தான் அவற்றுக்கு வந்தது, அதனால்தான் சக்கரத்தில் சாகின்றன.

இனி இறக்கம். ஏறுவதற்குப் பயப்படுகிறவர்கள் இறங்குவதற்குப் பயப்படுவதில்லை. அது தலைகீழான பயம். காரவள்ளி டீக்கடையில் ஒரு பேருந்து டிரைவர் எனக்குச் சொன்னார்: "ஏறின கியர்லயே இறங்குங்க சார். பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தீங்கன்னா பாதி வளைவு தாண்டறதுக்குள்ள சூடாயிடுங்க. அப்புறம் நீங்க மிதிச்சாலும் அது கேக்காதுங்க." இதைவிடச் சுருக்கமாக இதை யாரும் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் இருக்கிற கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 40 லிட்டருக்கு மேலான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அத்தனையையும் நான்கு சக்கரத்துப் பிரேக்கின் தலையில் போட்டால் அது தாங்காது. லைனிங் தீய்ந்த வாடை வரும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் வளைவுக்கு முன்னால் மட்டும் போதும், அதுவும் அழுத்தி மிதித்து விட்டுவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யிலேயே விட்டு இறங்காமல், எல் அல்லது மேனுவல் மோடுக்கு மாறுங்கள். மின்சாரக் கார்க்காரர்கள் மலைமேல் பேட்டரியை நூறு சதவீதம் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நிறைந்த பேட்டரியில் இறக்கத்து மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, எஞ்சின் பிடிப்பைப் போன்ற அந்தத் தடை கிடைக்காது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைத்துவிட்டு உருள்வதும் உயிரோடு விளையாடுவது. எஞ்சின் அணைந்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். வாடை வந்தால் ஓரம் கட்டி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து எழுவர் போன கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். அந்த வழியே வெளியூர் வண்டிகள் ஏறலாம், இறங்கக் கூடாது என்று தடுப்பது இத்தகைய விபத்துகளால்தான். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எந்த மலைக்குக் கிளம்பினாலும், எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குச் சேருவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். சிக்னல் இல்லாத வளைவுகள் எல்லா மலையிலும் உண்டு.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒரு மலை தாங்குகிற அளவுக்குத்தான் வண்டிகள் ஏற வேண்டும்.

கொல்லிமலையில் இந்த எழுபது வளைவுகளையும் அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள். மிளகு, பலா, வாழை, அன்னாசி எல்லாம் அவர்கள் உழைப்பில் இந்தப் பாதை வழியாகத்தான் இறங்குகின்றன. மருத்துவமனைக்குப் போவதும் இதே வழிதான். நாம் சாலையை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கும்போது பின்னால் நிற்கிற வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட சாமை, தினை, கேழ்வரகு வகைகள் அழிந்துவிடாமல் இருக்க, நம் தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவர்களோடு நெடுங்காலமாக வேலை செய்திருக்கிறது. ஆகவே வெறும் கையோடு இறங்காதீர்கள். சோளக்காட்டிலோ செம்மேட்டிலோ மிளகும் சாமையும் அவர்களிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள்.

ஆடி பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா. அப்போது பாதையில் கூட்டம் அதிகம், புதியவர்கள் தவிர்க்கலாம். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நாட்களில் கல்லும் மண்ணும் சரியும், அப்போதும் வேண்டாம். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி அருமையான காலம். மூடுபனி இறங்கினால் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம்தான். கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள். நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள், இருட்டுமுன் காரவள்ளியில் இருங்கள்.