பின்னால் வருபவருக்கு ஒரு விளக்கு

நம் தமிழில் 'பனி' என்னும் ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி. கோடைக்கானல் பாதையை மூடுவதும் பனி. இமய முடியில் உறைந்து கிடப்பதும் பனி. கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஒரே இரவில் முழங்காலளவு கொட்டிவிடும் பனியோ நாம் பழகிய எதனோடும் உறவுடையதன்று. அதை வாரி ஒதுக்காவிடில் அங்கே கடை திறவாது, பள்ளி திறவாது, ஆலய வாசலையும் நெருங்க இயலாது.

2022 நவம்பரில் நம் அண்ணன் மகன் இல்லத்தில் சில மாதங்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவனுக்குப் பகலில் ஒரு தொழிற்கூடத்தில் வேலை. குளிர்கால இரவுகளில் கூடுதல் வருவாய் தேடி, முகப்பில் பனி வாரும் இரும்புப் பலகை பூட்டிய பழைய டிரக் ஒன்றை வாங்கியிருந்தான். இரண்டு கடைத்தொகுதிகள், ஒரு கத்தோலிக்க ஆலயம் ஆகியவற்றின் வண்டி நிறுத்துமிடங்களை விடியுமுன் துப்புரவாக்கித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த வண்டியின் கூரைமேல் இருந்த எச்சரிக்கை விளக்கு பழுதுற்றிருந்தது. அதற்கு மாற்றாக எதை வாங்குவது என்பதே அவ்வீட்டில் ஒரு வாரம் முழுதும் பேச்சாயிற்று.

ஒரு விளக்குக்கு ஒரு வாரமா என்று வாசகர் வியக்கலாம். முந்தைய குளிர்காலத்தில் அவனுடைய நண்பர் ஒருவரின் பனிவண்டியைப் பின்னால் வந்த கார் மோதியதில், அவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். நம் மருமகள் அதை மறக்கவில்லை. "சித்தப்பா, நீங்கள் சொன்னால் கேட்பார். விலை பார்த்து மலிவானதை வாங்கிவிடப் போகிறார்" என்று அவள் நம்மிடம் முறையிட்டாள். விளக்கின் வகை எதையும் அறியாத நாம் அவ்வாறுதான் அந்த ஆலோசனையில் அமர்ந்தோம்.

முதலில் நிறம். இதில் விருப்பத்துக்கு இடமில்லை, சட்டம் வகுத்துவிட்டது. ஒண்டாரியோவில் பொதுச் சாலைகளில் அரசுக்காகப் பனி வாரும் வண்டிகளுக்கு நீல ஒளி. தீயணைப்புத் தொண்டர்கள் தம் சொந்த வண்டியில் விரையும்போது பச்சை. சிவப்பு, அவசர ஊர்திகளுக்கு உரியது. தனியார் இடங்களில் பனி வாருபவருக்கு எஞ்சியது செம்மஞ்சள். எல்லை தாண்டி அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக்குச் சென்றால் அரசின் பனிவண்டிகளே பச்சை ஒளியை வீசுகின்றன. மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண் பச்சையை எளிதில் உணரும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். செம்மஞ்சள் ஒளி பனியை ஊடுருவிச் செல்லும் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. விழும் பனித்துகள் ஒளியலையைவிட மிகப் பெரிது. எந்த நிறமாயினும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடித்துவிடும். செம்மஞ்சளின் வலிமை வேறு. 'இங்கே மெதுவாகச் செல்க' என்று அது பல்லாண்டுகளாக ஓட்டுநர்களுக்குப் பழக்கிவைத்த பொருளே அதன் வலிமை.

அடுத்தது விளக்கின் வகை. பழைய சுழல்விளக்கில் ஹாலஜன் குமிழ் எரியும். அதைச் சுற்றி ஓர் ஆடி சுழலும். மின்சாரத்தை மிகுதியாக உண்ணும். பின்னர் வந்த ஸ்ட்ரோப் விளக்கு மின்னலைப்போல் கண்ணைப் பறிக்கும். ஆனால் கணப்பொழுதில் மறைவதால், வண்டி எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைக் கண் அளந்துகொள்ளுமுன் இருள் வந்துவிடும். இப்போது எங்கும் எல்.இ.டி. விளக்குகள். குறைந்த மின்சாரம், நீண்ட ஆயுள். அவற்றில் ஒரு குறை உண்டு. பழைய குமிழின் வெப்பத்தில் கண்ணாடிமேல் விழுந்த பனி உருகி வழிந்துவிடும். எல்.இ.டி. விளக்கின் முகப்போ குளிர்ந்தே இருப்பதால் பனி அப்பிக்கொள்ளும். உள்ளே ஒளி எரிய, வெளியே எவருக்கும் தெரியாமற்போகும். சிக்கனத்துக்கு இப்படியும் ஒரு விலை இருப்பது நமக்குப் புதுமையாயிருந்தது. இதற்கென முகப்பில் சூடேற்றி பொருத்திய விளக்குகளும் விற்பனைக்கு உள்ளன. விலைதான் அவனைத் தயங்கவைத்தது.

வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. இவ்விளக்குகளை ஒளியளவு பார்த்து மூன்று வகுப்புகளாகப் பிரித்துள்ளது. முதல் வகுப்பே மிகப் பிரகாசமானது. மருமகள் உடனே அதைச் சுட்டினாள். பிரகாசம் மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் பனி பொழியும் இரவில், கூரைமேல் துடிக்கும் கடுமையான ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டு ஓட்டுநர் கண்ணுக்கே திரும்புகிறது. முன்னால் வெண்சுவர் ஒன்று அணைந்து அணைந்து எரிவதுபோல் தோன்றுமாம். பின்னால் வருபவரும் கூசிய கண்ணோடு வண்டியின் ஓரம் எது, சாலையின் ஓரம் எது என்று அறியமாட்டார்.

நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரிலுள்ள ரென்சலேர் தொழில்நுட்பக் கழகத்தின் ஒளி ஆய்வு மையத்தார் பனிவண்டிகளின் பின்விளக்குகளைச் சோதித்துப் பார்த்தனர். துடிக்கும் விளக்கு 'ஏதோ இருக்கிறது' என்று கவனத்தை ஈர்க்கும். முன்செல்லும் வண்டியை நாம் எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்பதை அறிய, அணையாமல் நிலையாக எரியும் விளக்கே கண்ணுக்குப் பெரிதும் துணைசெய்யும் என்று அவர்கள் கண்டனர். பனிவண்டி மெல்ல ஊர்வது. தன் பின்னே வெண்புகை மூட்டமாய்ப் பனியைக் கிளப்பிச் செல்வது. விபத்துகள் பெரும்பாலும் பின்புறத்தில் நேர்வதற்கு இதுவே காரணம்.

இதையெல்லாம் கேட்டிருந்த நமக்கு, மரக்காலுக்குள் மறைக்காமல் தண்டின்மேல் வைக்கப்படும் விளக்கைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் மொழிந்தது நினைவில் எழுந்தது. அவ்விளக்கு யாருக்காக ஏற்றப்படுகிறது என்பதை அதுவரை நாம் ஊன்றி எண்ணியதில்லை. வீட்டிலுள்ளோர் அனைவருக்காகவும் அன்றோ! அவர்கள் அதை உற்று நோக்க வேண்டியதில்லை. அதன் ஒளியில் தம் வழியைக் கண்டால் போதும். நற்செயல் புரிவோரிலும் ஸ்ட்ரோப் விளக்கை ஒத்தவர் உண்டு. அத்தகையோரை எல்லாப் பங்குகளிலும் காணலாம். இவ்விடத்தில் அது வேண்டாம்.

ஆலயத்து வேலையே அவனுக்கு மிகுந்த கவலை தந்தது. காலைத் திருப்பலிக்கு முதியோர் சிலர் இருள் விலகுமுன்னரே நடந்து வருவர். கறுப்பு மேலங்கி, குனிந்த தலை, காதை மூடிய குல்லாய். டிரக் பின்னே வரும் ஒலியை அவர்கள் கேட்பதரிது. அவனும் முன்னும் பின்னுமாக நூறு முறை வண்டியைத் திருப்புவான். "கடைக்கு வருபவர்கள் காரில் வருகிறார்கள், சித்தப்பா. கோயிலுக்கு வருபவர்கள்தாம் நடந்து வருகிறார்கள்" என்றான். எந்த விளக்கு என்ற கேள்வி அவ்விடத்தில்தான் தீர்ந்தது எனலாம்.

முதல் வகுப்புச் செம்மஞ்சள் எல்.இ.டி. விளக்கொன்றை வாங்கினான். இரவில் ஒளியைத் தணிக்கும் வசதியும், மெதுவாகத் துடிக்கும் அமைப்பும் அதிலிருந்தன. கூரையின் பின்பகுதியில் பொருத்தி, ஒளி முன்புறப் பலகையில் பட்டுத் தன் கண்ணுக்குத் திரும்பாதபடி சிறு தகட்டினால் மறைத்தான். பின்புறத்தில் நிலையாக எரியும் இரு விளக்குகளை உயரத்தில் அமைத்தான். பின்னோக்கி நகரும்போது தரையைக் காட்ட, கீழ்நோக்கிய வெள்ளை விளக்கும் ஒன்று. சூடேற்றி உள்ள விளக்கு அவன் கைக்கு எட்டவில்லை. அந்த விலையில் பிள்ளைகளின் குளிராடை இருந்தது.

பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாள், வியாழனன்று வந்தது. மெழுகுதிரி மந்திரிக்கும் வழிபாட்டுக்கு நாம் அவனோடு டிரக்கிலேயே சென்றோம். பனி இடைவிடாது பொழிந்துகொண்டிருந்தது. ஆலய வளாகத்தில் வண்டியைத் திருப்புமுன் அவன் கீழே இறங்கினான். இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு துடைப்பத்தை எடுத்து, பின்விளக்குகள் மூன்றையும் துடைத்துவிட்டு ஏறினான். அடுத்த சுற்றில் மீண்டும் இறங்கினான். ஏழெட்டு முறை அவ்வாறு இறங்கியிருப்பான். கையுறையின் விரல் நுனிகள் உறைந்து விறைத்திருந்தன. நாம் துடைக்கிறோம் என்றதற்கு, "நீங்கள் உள்ளே போங்கள் சித்தப்பா, திரி தீர்ந்துவிடும்" என்றான்.