அடி அடுக்கு

கம்ப்யூட்டர் பகுதிக்கு என்னை மாற்றிய பிறகு கைக்கு வந்தது அந்தக் கன்டெய்னர். செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எந்த லினக்ஸ் இமேஜின்மேல் கட்டினார் என்று தெரியாமல் பாதுகாப்புத் திருத்தம் போட முடியாது.

‘யூநேம்’ கட்டளை கெர்னலைச் சொல்லிற்று. கெர்னல் தாங்கும் இயந்திரத்தினுடையது. குடியிருப்பவனை விசாரித்தால் வீட்டுக்காரன் பெயர் வருகிறது. ‘ஓஎஸ்-ரிலீஸ்’ கோப்பு டெபியன் என்றது. ஆனால் அது வெறும் எழுத்து. யாரும் மாற்றி எழுதலாம். உள்ளே டெபியனின் ‘ஜிலிப்சி’ நூலகம் இல்லை. ‘மஸ்ல்’ இருந்தது, ‘ஏபிகே’யின் பதிவேடும் இருந்தது. இரண்டும் ஆல்பைனின் அடையாளங்கள். கடைசியில் அடி அடுக்கின் ‘ஷா-256’ எண்ணை ஆல்பைன் இமேஜினுடையதோடு ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து ஒன்று. மேலடுக்கில்தான் யாரோ பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருந்தார்கள்.

போன வருஷம் ஒரு இளங்கவிஞனின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். முன்னுரையில் அவன் அடுக்கியிருந்த ஐரோப்பியப் பெயர்களை வைத்தே ‘இரவல் பிரக்ஞை’ என்று தீர்ப்புச் சொன்னேன். பெயர்ச்சீட்டைப் படித்தேன், அடியைத் தொடவில்லை. இந்த வாரம் மறுபடி படித்தபோது, வரிகளுக்கு அடியில் ஒப்பாரியின் நடை கேட்டது. அதற்குப் பிறகு அவன் எதுவும் பிரசுரிக்கவில்லை. மதிப்புரையை இங்கே வாபஸ் வாங்குகிறேன்.