படத்தைப் பிரிந்த பாட்டு

நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒரு திரைப்படப் பாடலைச் சொன்னால், அதைப் பாடியவர் பெயரையும் திரையில் வாயசைத்து நடித்தவர் பெயரையும் உடன் சேர்த்தே சொல்லுவோம். பாட்டு, குரல், முகம் ஆகிய மூன்றும் நம் நினைவில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வேறொருவர் அதே பாட்டை மேடையில் பாடினால், "அசல் மாதிரியே இருந்தது" என்பதே நாம் வழங்கும் மிகப் பெரிய பாராட்டு. சற்றே மாறிவிட்டாலோ, "ஏன் இப்படிக் கெடுக்கிறார்?" என்று முகம் சுளிக்கிறோம்.

கர்நாடக சங்கீதத்தில் இத்தகைய நிபந்தனையை நாம் விதிப்பதில்லை. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனையொன்றை அரியக்குடி பாடினால் ஒரு வகை, செம்மங்குடி பாடினால் ஒரு வகை, எம்.எஸ். பாடினால் மற்றொரு வகை என்று யாவற்றையும் ரசிக்கிறோம். பாட்டு ஒன்று, பாணி பல என்பது அங்கே பெருமை. திரைப்பாட்டுக்கு மட்டும், "இதற்கு இந்தக் குரலே உரியது" என்று சாசனம் எழுதி வைத்திருக்கிறோம்.

இந்தச் சாசனம் உலகெங்கும் செல்லுபடியாவதன்று என்பதை எனக்கு உணர்த்தியவர் எல்லா பிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்கப் பாடகி. அவருடைய பெயர் நம் மொழியில் 'அனைத்தும்' என்று பொருள்படுவது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல். கொல்கத்தாவில், ப்ரீ ஸ்கூல் தெரு என்று பழைய பெயராலேயே பலரும் வழங்கும் மிர்ஸா காலிப் தெருவின் பழைய இசைத்தட்டுக் கடைகளில்தான் அம்மையாரின் குரல் எனக்கு முதலில் அறிமுகமாயிற்று. ஜாஸ் இசையைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சுருதி சுத்தமும், சொல் சுத்தமும், தாளத்தின்மீது கவலையின்றி ஏறி அமரும் சுகமும் எந்த நாட்டில் இருந்தாலும் தெரியத்தான் செய்யும்.

அம்மையார் 1917-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில் வளர்ந்து, பதினைந்து வயதில் தாயை இழந்து, அதன்பின் மிகுந்த இன்னலுக்கு ஆளானவர். 1934-ஆம் ஆண்டு நவம்பரில், ஹார்லெமில் உள்ள அப்போலோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டி ஒன்று நடந்தது. நடனமாடும் எண்ணத்துடன் சென்ற அந்தப் பெண், தமக்கு முன் ஆடியவர்களின் திறமையைக் கண்டு மனம் தளர்ந்து, ஆடுவதை விட்டுப் பாடினார். பரிசும் பெற்றார். அன்று அவர் பாடியது, கானி பாஸ்வெல் என்ற புகழ்பெற்ற பாடகியின் பாணியில். தாயார் வீட்டுக்குக் கொண்டுவந்த இசைத்தட்டில் கேட்டுப் பழகிய பாணி அது. ஆகவே, பிறரைப் போலப் பாடிப் பார்ப்பது இழிவான காரியம் அன்று. எல்லா அம்மையாரே அங்கிருந்துதான் தொடங்கினார். அவர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் விசேஷம்.

அக்காலத்து ஹாலிவுட் பாடல்களின் நிலையைச் சிறிது சொல்லவேண்டும். 1930-களில் பிரெட் அஸ்டைர் என்ற நடன நடிகரின் படங்களுக்கு அமெரிக்காவின் தலைசிறந்த இசையமைப்பாளர்கள் பாட்டு அமைத்தார்கள். 1935-இல் வந்த 'டாப் ஹேட்' படத்துக்கு இர்விங் பெர்லின். 1936-இல் வந்த 'ஸ்விங் டைம்' படத்துக்கு ஜெரோம் கெர்ன். 1937-இல் வந்த 'ஷல் வீ டான்ஸ்', 'எ டாம்சல் இன் டிஸ்ட்ரெஸ்' ஆகிய படங்களுக்கு ஜார்ஜ் கெர்ஷ்வின். நம் தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் தாமே நடித்துத் தாமே பாடியதுபோல் அஸ்டைரும் தம் பாட்டைத் தாமே பாடினார். அங்கும் இரவல் குரல் இல்லாமற் போகவில்லை. 1942-இல் வந்த ஒரு படத்தில் ரீட்டா ஹேவொர்த்துக்காகப் பாடியவர் நான் வின் என்ற வேறொரு பாடகி.

ஆனால் இரவல் குரலோ, சொந்தக் குரலோ, பாட்டு அந்தக் குரலோடு கட்டுண்டு கிடக்கவில்லை. அது அச்சிட்ட இசைத்தாளாகக் கடைகளில் விற்றது. பல பாடகர்கள் பாடினால்தான் பதிப்பாளருக்கு வருமானம். வியாபாரத்துக்காக ஏற்பட்ட இந்த ஏற்பாடு கலைக்கும் நன்மையாக முடிந்தது. படம் திரையரங்கை விட்டுப் போன பிறகும், பாட்டு வாய்க்கு வாய் மாறி வாழ்ந்தது.

அப்படி வாழ்ந்த பாடல்களுக்கு நிலையான வீடு கட்டிக் கொடுத்தவர் எல்லா அம்மையார். அவருடைய நிர்வாகி நார்மன் கிரான்ஸ் 1956-ஆம் ஆண்டில் வெர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு முதல் 1964 வரை, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு தொகுதியாக எட்டுப் 'பாட்டுப் புத்தகங்கள்' இசைத்தட்டாக வெளிவந்தன. கெர்ஷ்வின் தொகுதி மட்டும் ஐந்து தட்டுகளில் ஐம்பத்துமூன்று பாடல்களைக் கொண்டது. நாடக மேடைக்காக எழுதியவையும் திரைக்காக எழுதியவையும் இத்தொகுதிகளில் கலந்தே நிற்கின்றன. எது எங்கே பிறந்தது என்று கேட்பவருக்குத் தோன்றுவதே இல்லை.

இத்தொகுதிகளில் அம்மையார் செய்த ஓர் அருமையான காரியத்தை நம் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அந்தக் காலத்து அமெரிக்கப் பாடல்கள் பலவற்றுக்குத் தொடக்கத்தில் ஒரு முன்பகுதி உண்டு. பேசுவதுபோல், தாளத்தை அதிகம் பொருட்படுத்தாமல், பாட்டின் சந்தர்ப்பத்தைச் சொல்லும் பகுதி அது. நம் பழைய படப்பாடல்களில் வரும் தொகையறாவை ஒத்தது என்று வைத்துக்கொள்ளலாம். மற்றப் பாடகர்கள் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நேரே பல்லவிக்குத் தாவிவிடுவார்கள். அம்மையாரோ பல பாடல்களில் அதைத் தேடி எடுத்துப் பாடினார்.

அதனால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 'எ டாம்சல் இன் டிஸ்ட்ரெஸ்' படத்தில் லண்டன் மூடுபனியைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. பல்லவியை மட்டும் கேட்டால், பனி மூட்டமான ஒருநாளில் காதலியைக் கண்ட மகிழ்ச்சியாகவே படும். முன்பகுதியோடு சேர்த்துக் கேட்டால்தான், பாடுபவன் அந்த நகருக்கு அந்நியன், தெரிந்தவர் எவரும் அருகில் இல்லை, பொழுதை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் தவிக்கிறான் என்பது விளங்கும். பிறகு வரும் மகிழ்ச்சி இரண்டு மடங்காகிறது. ஊரை விட்டு ஊர் வந்து முதல் ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகக் கழித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களுக்கு இந்தப் பாட்டை விளக்கவேண்டியதில்லை. இப்படம் வெளிவருவதற்கு முன்பே, 1937 ஜூலையில், முப்பத்தெட்டு வயதில், மூளையில் ஏற்பட்ட கட்டியினால் கெர்ஷ்வின் காலமாகிவிட்டார் என்பதை அறிந்து கேட்கும்போது மனம் இன்னும் கனக்கிறது.

இன்னொரு வகையையும் பார்க்கலாம். 1939-இல் வந்த 'தி விஸார்டு ஆஃப் ஆஸ்' படத்தில், வானவில்லுக்கு அப்பால் உள்ள நாட்டுக்குப் போக ஆசைப்பட்டு ஒரு சிறுமி பாடுவாள். பாடி நடித்தவர் ஜூடி கார்லண்ட். ஹெரால்டு ஆர்லென் இசையமைத்த அந்தப் பாட்டை, 1961-இல் வெளிவந்த தொகுதியில் எல்லா அம்மையார் பாடினார். அப்போது அவர் நாற்பதைக் கடந்தவர். சிறுமியின் குரலை அவர் வரவழைத்துக்கொள்ளவில்லை. கார்லண்டின் விம்மலையும் இரவல் வாங்கவில்லை. வயது வந்த ஒரு பெண், அப்படி ஒரு நாடு இல்லை என்று நன்றாகத் தெரிந்தவள், இருந்தாலும் ஆசைப்படுகிறாள் என்ற பாவத்தில் அமைதியாகப் பாடினார். சொல்லும் அதே, மெட்டும் அதே, பாட்டு வேறு.

அவருக்குக் களிப்பும் நன்றாக வரும். 'டாப் ஹேட்' படத்தில் கன்னத்தோடு கன்னம் சேர்த்து ஆடும் காதலரின் பாட்டை 1956-இல் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் சேர்ந்து பதிவு செய்தார். ஆஸ்கர் பீட்டர்சன் குழுவினர் நால்வரே பக்கவாத்தியம். ஆம்ஸ்ட்ராங்கின் சாரீரம் ஆற்று மணலைப்போல் சொரசொரப்பானது. அம்மையாரின் சாரீரமோ அதன்மேல் ஓடும் தெளிந்த நீர். முதலில் அவர் பாடிக் கொடுக்க, பின்னர் இவர் வாங்கிப் பாடுகிறார். கச்சேரியில் வித்வான் நிரவல் செய்யும்போது சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே ஸ்வரத்தை விரிப்பாரே, அதுபோல இவரும் மெட்டைச் சற்றே இழுத்தும் தாளத்துக்குப் பின்தங்கியும் பாடுகிறார். எனினும் ஒரு சொல்லும் சிதைவதில்லை.

இந்தக் குதூகலத்துக்குப் பின்னால் உள்ள ஒரு செய்தியையும் மறக்கலாகாது. இந்தப் பாடல்களை இவ்வளவு சொந்தமாக்கிக்கொண்ட அம்மையாருக்கு, அந்தப் படங்களில் இடம் கிடையாது. கறுப்பினப் பெண்ணுக்குக் கதாநாயகி வேடம் கொடுக்க அக்கால ஹாலிவுட் தயாராக இல்லை. 1942-இல் வந்த 'ரைடு எம் கௌபாய்' என்ற நகைச்சுவைப் படத்தில் அவர் ஏற்றது வேலைக்காரப் பெண்ணின் வேடம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1938-இல், அவருடைய பாட்டு ஒன்று நாடு முழுவதும் முதலிடம் பெற்றிருந்தது! 1955-இல் ஹியூஸ்டன் நகரில், நிறபேதமின்றி எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து நடந்த கச்சேரியின்போது, மேடைக்குப் பின்னால் இருந்த அவரைப் போலீசார் கைது செய்த அவமானமும் நேர்ந்தது. அடுத்த ஆண்டே அவர் பாட்டுப் புத்தகங்களைத் தொடங்கினார். வாசலில் நிறுத்தி வைத்த வீட்டின் பாடல்களையே எடுத்து, அந்த வீட்டாரைவிட நன்றாகப் பாடிக் காட்டினார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவர் பாட்டில் கசப்பு ஒரு துளியும் இல்லை.

இவ்வளவையும் நம் சங்கப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் நம் குழந்தைகள் பழைய படப் பாடல்களைப் பாடுகிறார்கள். என் பேத்தியும் சென்ற ஆண்டு பி. சுசீலா அவர்களின் பழைய பாடல் ஒன்றைப் பாடினாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாட்டை வங்காள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். கைப்பேசியில் கரோக்கி இசையை ஓடவிட்டு, சுசீலா அவர்கள் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே மூச்சு வாங்கி, எங்கே குழைந்தாரோ அங்கே குழைந்து ஒப்பித்தாள். இயற்கையில் சற்றுத் தாழ்ந்த சாரீரம் அவளுடையது; கரோக்கியின் சுருதியோ உயரத்தில் நின்றது. எட்டாத இடங்களில் குரல் கீச்சிட்டது. கை தட்டினார்கள். வீடு திரும்பும்போது, "இனிமேல் நான் பாடப் போவதில்லை, தாத்தா" என்றாள்.

நான் அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. ஒரு மாதம் கழித்து, கார்லண்டின் வானவில் பாட்டையும் எல்லா அம்மையாரின் வானவில் பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டாள். "இரண்டும் அசலா?" என்று கேட்டாள். "இரண்டும் அசல்தான்" என்றேன்.

அதன்பின் அவளுடைய பாட்டை எடுத்துக்கொண்டோம். முதலில் பாடாமல், வசனம்போல் வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே நின்று, "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், தாத்தா?" என்றாள். ஆறு இடங்களில் அப்படி நின்றாள். அவ்வளவு நாளும் பொருள் அறியாமல் பாடி வந்திருக்கிறாள்! பொருள் தெரிந்த பிறகு, தம்பூரா ஒலியை அவளுக்கு இசைவாகத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பாடினாள். சுசீலா அவர்களின் நுணுக்கங்கள் பாதி போய்விட்டன. ஆனால் யாரோ ஒருத்தி எதையோ கேட்கிறாள், அது கிடைக்காமல் வருந்துகிறாள் என்பது சமையலறையில் இருந்த அவள் பாட்டிக்கும் கேட்டது.

சுசீலா அவர்கள் பாடியதை யாரும் மிஞ்ச முடியாது. மிஞ்ச வேண்டியதும் இல்லை. அந்தப் பாட்டு நம் வீட்டுக் குழந்தையின் வாயிலும் உயிரோடு இருக்கவேண்டும் என்பதே என் ஆசை. அயலூரில் வளரும் குழந்தைக்குத் தமிழ் பெரும்பாலும் பாட்டின் வழியாகவே வந்து சேர்கிறது. அந்தப் பாட்டும் பொருளில்லாத ஒலியாக நின்றுவிட்டால், நாம் கொடுத்தது என்ன?

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கரோக்கி வேண்டாம். பாடுகிறவர் முதலில் பாட்டை எழுதியவர் பெயரையும், இசையமைத்தவர் பெயரையும், பாட்டின் பொருளையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லட்டும். பிறகு தமக்கு ஏற்ற சுருதியில், தமக்கு ஏற்ற வேகத்தில் பாடட்டும். தொகையறா இருந்தால் அதை விடாமல் பாடட்டும். கேட்கும் பெரியவர்கள், "அசல் மாதிரி இல்லையே" என்று மட்டும் சொல்லாதிருக்கவேண்டும்.

எல்லா அம்மையார் 1996-ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று, எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார். அவர் பாடல்கள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. புதிதாகக் கேட்க விரும்பும் அன்பர்கள், 1960-ஆம் ஆண்டில் 'லெட் நோ மேன் ரைட் மை எபிடாஃப்' என்ற படத்தையொட்டி வந்த தொகுதியிலிருந்து தொடங்கலாம். பால் ஸ்மித்தின் பியானோ ஒன்றே துணை. வேறு வாத்தியம் இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து, வீடு அடங்கிய பிறகு கேளுங்கள். ஆங்கிலச் சொல் சில புரியாமற் போனாலும் பாதகமில்லை. பாடுகிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.