டிரைவர் இல்லாத போர்டு

நான் படித்தது பி.காம். பார்ப்பது பேங்க் வேலை. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம், இப்போது குப்பை கொட்டுவது நாக்பூரில். இந்த லட்சணத்தில் மைக்ரோகன்ட்ரோலர் பற்றி எழுத வந்திருக்கிறேனே என்று சிரிக்காதீர்கள். வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதில் கம்ப்யூட்டர் சமாச்சாரமும் இருக்கிறது, கொஞ்சம் வீட்டுச் சமாச்சாரமும் இருக்கிறது.

முதலில் கதைச் சுருக்கம். பையன் ஒன்பதாவது முடித்துவிட்டு லீவில் இருந்தான். ஊரில் அவன் அப்பத்தா, அதாவது என் அம்மா, தனியாக இருக்கிறார். மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிப்படி ஏறுவார். எழுபத்து நாலு வயசு, மூட்டுவலி, கைப்பிடி இல்லாத படி. "ஏறாதீங்கம்மா" என்று போனில் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது, கேட்டுக் கேட்டு அவருக்கும் பழகிவிட்டது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. சேர்த்து வைத்த காசை எடுத்துக்கொண்டு சீதாபர்டி கடைவீதிக்குப் போய் ஒரு ஆர்டுயினோ நானோ போர்டு, ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், ஒரு பஸ்ஸர் வாங்கி வந்துவிட்டான். தொட்டி நிரம்பினால் கீழே அடுப்படியில் பஸ்ஸர் கத்தும். அவ்வளவுதான் திட்டம். வெள்ளிக்கிழமை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட். அதை விட்டால் அடுத்த லீவு தீபாவளிக்குத்தான். திங்கட்கிழமை லேப்டாப்பில் செருகினால், போர்டு பேசவே மாட்டேன் என்கிறது.

இரண்டு நாள் அவனே மல்லுக்கட்டினான். புதன்கிழமை ராத்திரி, "அப்பா, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?" என்றான். ஏழாவது எட்டாவதுக்கு அப்புறம் இந்த மாதிரி அவன் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. கூலர் சத்தத்துக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் கணக்கு டேலி ஆகாதபோது எங்கே தேடுவது என்று தெரியும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் குடையக் கூடாது. ஒரு ஒரு லெட்ஜராகப் பார்த்து, இது சரி என்று டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகணும். இங்கேயும் அதையேதான் செய்தோம்.

முதல் லெட்ஜர், கேபிள். "போர்டுல லைட் எரியுதுப்பா, கேபிள் நல்லா இருக்கு" என்றான். லைட் எரிந்தால் கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். சாதாரண யூஎஸ்பி வயருக்குள் நாலு கம்பி இருக்கும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் செய்ய மட்டும் வருகிற மலிவு வயர்களில் பின்னதை இரண்டையும் போடாமலே விட்டுவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வயரைச் செருகிப் பிடுங்குவது. விண்டோஸ் 'டிண்டிங்' என்று சத்தம் போடவில்லை, பட்டியலும் அசையவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படலாம். எங்களுடையது அசையவே இல்லை. அவன் எடுத்திருந்தது ஏதோ பழைய ஸ்பீக்கரின் சார்ஜிங் வயர். பரணில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரை மாற்றினோம். டிண்டிங்! 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழே மஞ்சள் முக்கோணத்தோடு 'யூஎஸ்பி 2.0 சீரியல்' என்று ஒரு புது ஆசாமி முளைத்தார்.

இரண்டாவது லெட்ஜர், இந்த ஆசாமி யார்? அந்த வரியில் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடீஸ் என்று போனால் விஐடி 1ஏ86, பிஐடி 7523 என்று இருந்தது. பேங்க் பாஷையில் சொன்னால் முதல் எண் பிராஞ்ச் கோடு, இரண்டாவது கஸ்டமர் ஐடி. 1ஏ86 என்பது சீனாவின் நான்ஜிங்கில் இருக்கிற டபிள்யூசிஹெச் என்ற சிப் கம்பெனி. 7523 என்பது அவர்களுடைய சிஹெச்340 சிப். போர்டில் இருக்கும் பிரதான சிப்புக்கு யூஎஸ்பி பேசத் தெரியாது, சீரியல்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவே நிற்கிற மொழிபெயர்ப்பாளர்தான் இந்தச் சிப். அந்த மொழிபெயர்ப்பாளரோடு பேச விண்டோஸுக்கு ஒரு டிரைவர் வேண்டும்.

"அப்ப இது டூப்ளிகேட்டாப்பா?" என்று முகம் சுருங்கினான். இல்லை. ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில் மாணவர்களுக்காக உருவானது. அதன் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் முத்திரையையும் போட்டு விற்றால்தான் கள்ளநோட்டு. பெயர் போடாமல், விலை குறைந்த சிப் வைத்துச் செய்தால் அது வேற பிராண்ட் அரிசி, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி போனில் அப்பத்தா, "என்னடா, உன் மெஷின் ஆச்சா?" என்று கேட்டார். பையன் தன் அரைகுறைத் தமிழில், "கம்ப்யூட்டருக்கு அதோட பாஷை தெரியல அப்பத்தா. நடுவுல ஒரு ஆள் வேணும்" என்றான். அவர் யோசிக்கவே இல்லை. "உங்கம்மா காய்கறி வாங்கப் போறப்ப நீ கூடப் போய் இந்தியில பேசுவியே, அந்த மாதிரியா?" என்றார். டிரைவர் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை :)

மூன்றாவது கட்டம்தான் முக்கியம், தயவுசெய்து இதை மட்டுமாவது கவனியுங்கள். டிரைவரைத் தேடினால் வந்து விழுகிற குப்பைக்கு அளவே இல்லை. 'உங்கள் எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்' என்கிற விளம்பரங்கள். பையன் பார்த்த ஒரு வீடியோவில், ஆன்டிவைரஸை நிறுத்து, டிரைவர் கையெழுத்துச் சோதனையையும் அணைத்துவிடு என்று ஒருவர் அமைதியாகச் சொல்கிறார். அதே லேப்டாப்பில்தான் வீட்டின் நெட்பேங்கிங், வருமான வரி, அம்மாவின் பென்ஷன் கணக்கு எல்லாம் இருக்கிறது.

சாதாரண புரோகிராம் பேங்க் ஹாலுக்குள் வரும் கஸ்டமர் மாதிரி. டிரைவர் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே உட்காரும், அதாவது ஸ்ட்ராங் ரூமுக்குள் போகிற ஆள். அதனால்தான் 64 பிட் விண்டோஸில் விஸ்டா காலம் தொட்டே கையெழுத்து இல்லாத கெர்னல் டிரைவரை உள்ளே விடுவதில்லை. செக்கில் கையெழுத்தை ஒத்துப் பார்க்காமல் காசு கொடுப்போமா? யாரோ போனில் சொன்னார்கள் என்று எதையோ இன்ஸ்டால் செய்துவிட்டு, கவுன்ட்டர் முன்னால் கண்ணீரோடு நிற்கிற பெரியவர்களைப் பார்க்கிறவன் நான். பையனுக்கு அதைச் சொன்னேன். "அவசரம்பா, வெள்ளிக்கிழமை டிரெயின்" என்றான். ஏமாற்றுபவர்கள் நம்பியிருப்பதே அந்த அவசரத்தைத்தான் என்றேன். கோபத்தோடு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தான்.

சரி, விண்டோஸ் ஏன் இந்த டிரைவரைத் தானாக எடுத்துக்கொள்ளவில்லை? சிஹெச்340 டிரைவர் விண்டோஸ் அப்டேட்டிலேயே கிடைக்கிறது. நாங்கள் புது வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான், பிராட்பேண்ட் இன்னும் வரவில்லை, போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டம். டேட்டா தீராமல் இருக்க அதை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று வைத்திருந்தேன். அப்படி இருந்தால், நாம் தனியாக அனுமதி கொடுக்காதவரை விண்டோஸ் டிரைவர்களை இறக்காது. டிரான்ஸ்பர் வாழ்க்கையின் உபயம். பத்து நிமிஷம் அதை எடுத்துவிட்டு, அப்டேட் பகுதியில் ஆப்ஷனல் அப்டேட்ஸில் பார்த்தோம். சிஹெச்340 அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அங்கே கிடைக்காதவர்கள் டபிள்யூசிஹெச் கம்பெனியின் சொந்தத் தளத்தில் எடுக்கலாம், வேறெங்கும் வேண்டாம். மஞ்சள் முக்கோணம் போய், 'போர்ட்ஸ்' தலைப்பின் கீழே 'காம்5' என்று வந்தது. பையன் கைதட்டினான்.

கொஞ்சம் சீக்கிரம் தட்டிவிட்டான். புரோகிராமை ஏற்றினால், 'ஸிங்க் ஆகவில்லை' என்று பத்து தடவை முயன்று கையை விரித்துவிட்டது. மறுபடி டிரைவர் கோளாறா? ஊகிக்க வேண்டாம், சோதிக்க வழி இருக்கிறது. ரீசெட் பின்னை கிரவுண்டோடு ஒரு வயரால் இணைத்தால் பிரதான சிப் தூங்கிவிடும். டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டு பின்னையும் இன்னொரு வயரால் இணைத்துவிட்டு, சீரியல் மானிட்டரில் எதையாவது தட்டி அனுப்பினால், அனுப்பியது அப்படியே திரும்பி வரணும். பையன் தன் பெயரைத் தட்டினான், எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்தது. கேபிள், டிரைவர், சிஹெச்340 மூன்றுக்கும் டிக்.

மீதி இருந்தது ஒன்றுதான். 2018 ஜனவரியிலிருந்து வரும் ஒரிஜினல் நானோவில் பூட்லோடர் புதுசு, வேகம் 115200. மலிவு போர்டுகள் பலவற்றில் இன்னும் பழையதுதான், வேகம் 57600. ஒருவர் வேகமாகப் பேச, மற்றவருக்குப் புரியவில்லை. டூல்ஸ் மெனுவில் ப்ராசஸர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்று மாற்றினான். ராத்திரி பன்னிரண்டரைக்கு அந்தக் குட்டி லைட் கண்சிமிட்ட ஆரம்பித்தது.

இதைக் கேட்டுவிட்டு, எதற்கு இந்த வம்பு, ஒரிஜினல் கம்பெனி டிரைவர் என்றால் நிம்மதிதானே என்றார் எங்கள் ஆபீஸ் நண்பர். முழுக்க அப்படியும் இல்லை. 2014 அக்டோபரில், இதே மாதிரி சிப் செய்யும் ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ கம்பெனி விட்ட புது டிரைவர், போலிச் சிப்புகளைக் கண்டால் அவற்றின் பிஐடியை சைபராக்கி முடக்கிவிட்டது. அது வந்ததும் விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான். போலி என்று தெரியாமலே வாங்கியவர்கள் அடிபட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கள்ளநோட்டு வந்தால் நோட்டைத்தான் பிடித்து வைப்போம், கொண்டுவந்தவர் வீட்டைப் பூட்ட மாட்டோம் இல்லையா? கையெழுத்து சரியாக இருந்தால், ஆள் யார் என்பது மட்டும் உறுதி. அவர் என்ன செய்வார் என்பது வேறு கணக்கு.

ஊரில் இப்போது அந்தப் பெட்டி பழைய போன் சார்ஜரில் ஓடுகிறது. மோட்டார் லைனைத் தொடக்கூடாது, கத்துவது மட்டும்தான் அதன் வேலை என்று பையனிடம் ஆரம்பத்திலேயே கண்டிஷன் போட்டிருந்தேன். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, நாய்க்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறதாம். ஆனால் படி ஏறுவது நின்றுவிட்டது. இப்போதெல்லாம் போன் பண்ணினால் என்னிடம் இரண்டு நிமிஷம்தான். "அவன்கிட்டக் குடு, சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லணும்" என்கிறார். அவனும் தமிழில் வார்த்தை தேடித் தேடி, அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருக்கிறான்.